சேலையூர் சாக்கடையில் சிவப்பு!

"வீல்...!"

கங்கம்மாவின் அலறலில் கேம்ப் ரோடு ஒரு நிமிஷம் நின்று திரும்பிப் பார்த்தது.

சேலையூர்த் தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருப்பவள் கங்கம்மா. லேசில் அசருகிற ஆள் இல்லை. மழை வந்தால் பாதாளச் சாக்கடை மூடியைத் தூக்கிக்கொண்டு பொங்கும். அதன் பக்கத்தில் நின்றே சட்னி ஊற்றுவாள். அப்பேர்ப்பட்டவள் இன்று கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்!

"ஐயோ! ரத்தம்! சாக்கடையில ரத்தம் வந்துகினு கீது!"

தூறும் மழையில், மூடி இடுக்கு வழியே குபுகுபுவென்று... சிவப்பு!

சப்-இன்ஸ்பெக்டர் ஆபேல் ஜீப்பிலிருந்து குதித்தான். பார்த்தான். அவன் முகத்தில்... சந்தோஷம்!

பாவம், திட்டாதீர்கள். இந்த ஸ்டேஷனுக்கு வந்த நாளிலிருந்து அவனுக்குக் கிடைத்ததெல்லாம் சாக்கடைப் புகார்தான். பக்கத்து வீட்டுச் சாக்கடை எங்கள் வாசலில், எங்கள் சாக்கடை எதிர்வீட்டுக் காரில்! உதவி கமிஷனர் கறாராகச் சொல்லியிருந்தார். "ஒரே ஒரு கொலையைக் கண்டுபிடிய்யா. க்ரைம் பிரிவுக்கு மாத்தறேன். இல்லேன்னா காலம் பூரா உனக்குச் சாக்கடைதான்!"

இதோ கொலை... காலடியிலேயே கொப்பளிக்கிறது!

"சேட்டு! கடப்பாரையை எடு! மேல்பக்கமா ஒவ்வொரு மூடியா திற. சிவப்பு எங்க நிக்குதோ, அங்கதான் கொலைகாரன்!"

கான்ஸ்டபிள் சேட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு நெம்பினார்.

"இதுலயும் சிவப்பு கீது சார்!"

"அடுத்தது!"

"இதுலயும்தான்! பேஜாரா கீது சார். ஒரு ஆளு ஒடம்புல இம்மாம் ரத்தம் இருக்குமா?"

"ரெண்டு பேரா இருக்கலாம்யா!" ஆபேலின் குரலில் பேராசை. "அடுத்தது?"

"இது சுத்தமா கீது சார்... அதாவது, வழக்கமான கலரு!"

ஆபேல் நிமிர்ந்தான். சிவப்புக்கும் வழக்கமான கலருக்கும் நடுவே ஒரே ஒரு வீடு. மொட்டைமாடி மழைத்தண்ணீர்க் குழாய் சுவரோடு இறங்கி, சிமெண்டுக்குள் ஒளிந்து... தெருச் சாக்கடையைப் பார்த்துப் போனது!

வாசலில் பலகை. 'ஜீவரத்தினம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்.'

சேட்டு வாயைப் பிளந்தார். "சார்! சாக்கடை பொங்குதுன்னு ஊர்வலம் வுடறதே இவுருதான் சார்!"

உள்ளே ஜீவரத்தினம் இஸ்திரி போட்ட சட்டையில், கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று தாம்பரத்தில் மாநகராட்சியின் புதுச் சாக்கடைத் திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்பு. மக்கள் தரப்பில் பேசப்போவது அவர்தான்.

"பெரியோர்களே! சாக்கடை வழிவதைத் தடுக்க நீடித்த, நிலையான திட்டம் தேவை..."

அந்தத் தெருவில் அதுவரை நிலையாக நின்றது சாக்கடை மட்டும்தான். சரி, விடுங்கள்.

"சார், உங்க வீட்டுலேர்ந்து ரத்தம் வருது."

"என்ன தம்பி பேசறீங்க? ரத்தமா? நாங்க மட்டனே ஞாயித்துக்கிழமைதான் எடுப்போம்!"

"மாடி பைப் வழியா சாக்கடைக்கு வருது சார்."

ஜீவரத்தினத்தின் முகம் வெளிறியது. ரத்தம் என்றதற்கு அல்ல... பைப் என்றதற்கு!

"பைப்பா? எந்த பைப்? அப்படி ஒரு பைப்பே கிடையாது!"

"மழைத்தண்ணிய சாக்கடையில விடறதாலதான் அது பொங்குதுன்னு போன கூட்டத்துல மைக்கப் பிடிச்சு முழங்கினது யாரு?"

"நான்தான்! விடறவன் சமூக விரோதின்னும் சொன்னேன்!"

ஆபேல் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான்.

"ரெண்டே வழிதான் சார். பைப் உங்களோடதுன்னா, எவனோ மாடியில கொலை பண்ணியிருக்கான். உங்களுக்குச் சம்பந்தமில்ல. விட்டுடறேன். பைப்பே இல்லேன்னா... ரத்தத்த வாளியில அள்ளிட்டுப் போய் நீங்களே ஊத்தியிருக்கீங்க. கொலைகாரன் நீங்கதான்! எது?"

ஜீவரத்தினம் ஜன்னலைப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் குடை பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். பைப் விஷயம் வெளியே வந்தால் இத்தனை வருஷ மரியாதையும் போச்சு!

இரண்டு கைகளையும் நீட்டினார்.

"விலங்கு போடுங்க தம்பி. நான்தான் கொன்னேன்!"

ஆபேலுக்குப் புல்லரித்தது. க்ரைம் பிரிவு... வந்தேவிட்டது!

"யாரை?"

வாத்தியார் திருதிருவென்று விழித்தார். அதை அவர் யோசிக்கவில்லை!

"என்... என் சம்சாரத்தை!"

"யாரைங்க?"

வாசலில் அவர் மனைவி ரத்தினபாய்! கையில் மார்க்கெட் பை. பையில் முருங்கைக்காய்.

"நான் காய் வாங்கப் போன கேப்புல என்னைக் கொன்னுட்டீங்களா? நல்லா இருக்கே!"

அதே நொடி... மாடிப்படியில் காலடிச் சத்தம்!

தட்... தட்... தட்...

ஒரு பெண் இறங்கி வந்தாள். முழங்கை வரை சிவப்பு!

"அசையாதே!" ஆபேல் துப்பாக்கியை உருவினான்.

"ஐயோ, சுட்டுடாதீங்க சார்! நான் ரோஹிணி, மாநகராட்சி இன்ஜினியர். இது சாயம்!"

"சா... சாயமா?"

"ஆமா சார். எந்த வீட்டு மழைத்தண்ணி சாக்கடைக்குப் போகுதுன்னு கேட்டா யாரும் ஒத்துக்கறதில்ல. அதான் மாடித் தண்ணியில சாயம் கரைச்சு விடறோம். சாக்கடையில கலர் வந்துச்சோ, அந்த வீட்டு ஆளு மாட்டினாரு. எங்க திட்டத்துக்கு முதல் வேலையே இதான்!"

"மாடியில தண்ணி ஓட்டம் பாக்கணும்னாங்க, சாவி குடுத்தேன்," என்றாள் ரத்தினபாய் அப்பாவியாக.

ஜீவரத்தினம் தொப்பென்று உட்கார்ந்தார். "தம்பி... தயவுபண்ணி கொலைக்கே உள்ள போட்டுடுங்க!"

ஆபேல் துப்பாக்கியை உறையில் செருகினான். அவன் கொலை... அவன் க்ரைம் பிரிவு... எல்லாம் சாயம்!

"வெட்கமா இல்ல சார்? படிச்ச மனுஷன்! தெருவையே நாறடிச்சுட்டு மைக்குல பேச்சு வேற! உங்கள மாதிரி ஆளுங்களாலதான் நான் தினம் சாக்கடையில நிக்கறேன்!"

ரோஹிணி கைதட்டினாள். "சூப்பர் சார்! மூடி மூடியா திறந்து, கரெக்டான வீட்டுக்கு வந்த முதல் போலீஸ் நீங்கதான். உங்கள எங்க திட்டத்துக்கே குடுக்கச் சொல்லி உங்க உதவி கமிஷனர்கிட்ட இப்பவே பேசறேன்!"

"எத்... எத்தனை நாளைக்கு?"

"நாளா? முப்பது வருஷத் திட்டம் சார்!"

ஆபேலின் செல்போன் அலறியது. பீர்க்கன்கரணை வீட்டிலிருந்து மனைவி ஜோவிதா.

"என்னங்க! நம்ம வாசல்ல சாக்கடை பச்சைப் பசேல்னு பொங்குது! காலைல ஒரு இன்ஜினியரம்மா மாடிச் சாவி வாங்கிட்டுப் போனாங்க... இப்ப தெருவே கேட்டுல நிக்குது. என்னங்க சொல்றது?"

ஆபேல் மெல்லத் திரும்பினான். ரோஹிணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மூலைக்கு நகர்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தான்.

"கொலைன்னு சொல்லிடு!"

"செத்தது யாருன்னு கேப்பாங்களே?"

"நான்தான்னு சொல்லு!"