நாற்பத்திரண்டாவது வரி

நாற்பத்திரண்டு எப்படி வரும்? நாற்பத்தொன்றுதானே?

அவள் கேட்டது மனதுக்குள். வாய்விட்டுக் கேட்க வீட்டில் ஆளில்லை. கணவர் வேலைக்குப் போயிருந்தார். மாலை நான்கு மணிக்கே வானம் கறுத்து, சாத்திய ஜன்னல்களுக்கு அப்பால் மழை ஒரே சுருதியில் பெய்துகொண்டிருந்தது. விளக்குப் போடாத அறையில் திரையின் வெளிச்சம் மட்டும் அவள் கைகளில் நீலமாகப் படிந்திருந்தது.

அவள் எழுதிய ஸ்கிரிப்ட் அது. ஒரு கட்டளை தட்டினால் போதும், கம்பெனியின் நாற்பத்தொரு கிளைகளிலும் உள்ள கம்ப்யூட்டர்களை வரிசையாகக் கூப்பிடும். பதில் வந்தால் பச்சையில் 'இணைப்பு கிடைத்தது' என்று எழுதும், வராவிட்டால் சிவப்பில். இரண்டு மணி நேரத்தைத் தின்றுகொண்டிருந்த வேலை காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

நாற்பத்திரண்டாவது வரி அக்காவுடையது.

தனியாக இருந்த அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரையும் பட்டியலின் கடைசியில் சேர்த்தவள் இவள்தான். அது விழித்திருந்தால் அக்காவும் சௌக்கியம் என்று ஒரு கணக்கு.

"ஏண்டி, சாப்பிட்டியான்னு கேக்க ரெண்டு நிமிஷம் ஆகுமா? என்னை விசாரிக்கக்கூட மிஷினைத்தான் அனுப்புவியா?" என்றாள் அக்கா அன்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அக்கா கூடத்துத் தரையில் விழுந்து கிடந்தது மூன்று நாள். அணைக்க ஆளில்லாத கம்ப்யூட்டர் அந்த மூன்று நாளும் ஒழுங்காகப் பதில் சொன்னது. பச்சை. பச்சை. பச்சை. இவளும் நிம்மதியாக வேலையைப் பார்த்தாள். முதல் நாள் முழுக்க உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

பிறகு அந்த வரியை அழிக்கக் கை வரவில்லை. முன்னால் ஒரு குறியை மட்டும் போட்டு வைத்தாள். அந்தக் குறி இருந்தால் ஸ்கிரிப்ட் வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும்.

இப்போது பட்டியலைத் திறந்து பார்த்தாள். குறி இருந்தது. வைத்த இடத்தில் அப்படியே.

மறுபடி ஓட்டினாள். நாற்பத்தொரு வரிகள் கடகடவென்று இறங்கின. ஒரு மூச்சு விடும் நேரம் நின்று, மெதுவாக, நாற்பத்திரண்டு. பச்சை.

கணவரைப் போனில் கூப்பிட்டாள்.

"என்னங்க, அக்கா கம்ப்யூட்டரை எங்க வச்சீங்க?"

"என்ன திடீர்னு?"

"சொல்லுங்களேன்."

"பழைய சாமான் கடையில போட்டு ஒரு மாசம் ஆச்சேம்மா. கண்ணுல படக் கூடாதுன்னு நீதானே சொன்ன. டிஸ்கைக்கூட சுத்தியலால உடைச்சுட்டுதான் குடுத்தேன். உன் புருஷனுக்கும் அந்த அளவுக்கு டெக்னாலஜி தெரியும்." சிரித்தார். "மழை விட்டாத்தான் கிளம்ப முடியும். கதவைச் சாத்திக்கோ."

கதவு சாத்தித்தான் இருந்தது.

பச்சை வரியில் இருந்த நெட்வொர்க் முகவரியை இப்போதுதான் படித்தாள். அது அக்கா வீட்டு எண் இல்லை. இந்த வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு மட்டுமே கிடைக்கும் எண்.

புத்தி உள்ளவள் வயரைப் பிடுங்கியிருப்பாள். அவள் கையும் வயர் வரை போனது. ஆனால் அந்த மூன்று நாளில் ஒரு முறை, ஒரே முறை, பச்சையை நம்பாமல் உள்ளே எட்டிப் பார்த்திருந்தால்? அக்கா கம்ப்யூட்டரின் கேமராவில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லும் கட்டளை அவளுக்குத் தெரியும். சொந்த அக்காவை வேவு பார்ப்பதா என்று ஸ்கிரிப்டில் அதைச் சேர்க்காமல் விட்டிருந்தாள்.

இன்று தட்டினாள்.

படம் மேலிருந்து கீழாக, ஈரச்சுவரில் நீர் இறங்குவதுபோல், பட்டை பட்டையாக வந்தது. மேலே இருட்டு. அதற்குக் கீழே ஒரு மேசையின் அடிப்பக்கம், தொங்கும் வயர்கள். நாற்காலியின் சக்கரங்கள். தரை மிகப் பெரிதாகத் தெரிந்தது; கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்திருப்பவருக்குத் தெரிவதுபோல.

நாற்காலிக்குக் கீழே இரண்டு குதிகால்கள். இடது குதிகாலில், காலையில் செருப்பு கடித்த இடத்தில், அவள் ஒட்டிய பிளாஸ்திரி.

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது?

முதுகுக்குப் பின்னால் சத்தமில்லை. மூச்சில்லை. பல நாள் பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை மட்டும்.

படத்துக்குக் கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

ஒரே ஒரு தடவை திரும்பிப் பாரேண்டி.

அவள் கைகள் விசைப்பலகையில் இல்லை. மடியில் இருந்தன.

கேட்காமலே இன்னொரு படம் இறங்கியது. குதிகால்கள் இப்போது திரை முழுக்க. பிளாஸ்திரியின் நூல் பிரிந்திருப்பதுகூடத் தெரிந்தது. படத்தின் கீழ் ஓரத்தில், தரையைப் பற்றியபடி நான்கு விரல்கள்.

அவள் காலைத் தூக்கவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"திரும்ப மாட்டேன்க்கா," என்றாள், மெல்ல.