அறுவை அறைக்கு வந்த விருந்தாளி

அறுவை சிகிச்சை அறைக்குச் செல்லும் தாழ்வாரத்தின் கம்பியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு தம்பி நின்றான். அவனுக்கு வயது ஆறு. தொண்டையில் வீங்கிய சதை, உறக்கத்தில் அவன் மூச்சை அடைத்தது. இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறியிருந்தார்.

"ஊசியே போட மாட்டாங்கடா," என்றார் அப்பா.

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க. ரெண்டு போட்டாங்க."



அக்கா அவனருகே தரையில் அமர்ந்தாள். ஆறாம் வகுப்பில் படிக்கும் அவளுக்கு அகராதிப் பைத்தியம். ஒரு சொல் கிடைத்தால், அதன் பூர்வீகம்வரை துருவாமல் விடமாட்டாள்.

"ஊசி உண்டு. வலிக்கும்," என்றாள்.

தம்பி முதன்முறையாகத் தலையைத் திருப்பினான்.

"ஹாஸ்பிடல்ங்கிற பேரு எப்படி வந்துச்சு தெரியுமா? லத்தீன் மொழியில விருந்தாளிக்கு ஒரு சொல் இருக்கு, அதுலேருந்துதான். வழிப்போக்கருக்கு இடம் கொடுத்துக் கவனிச்ச வீட்டை முன்னாடி அப்படிச் சொன்னாங்க. ஹோட்டலும் அதுக்குச் சொந்தக்காரச் சொல்தான். நம்ம வாயில நுழைஞ்சு ஆஸ்பத்திரி ஆயிடுச்சு."

"அப்ப நான் விருந்தாளியா?"

"ஆமா."

"பெரியப்பா மாதிரியா? ஒரு மாசம் ஆனாலும் கிளம்ப மாட்டாரே!"

அப்பா இருமினார். பெரியப்பா அவருடைய அண்ணன்.

"நீ நாளைக்கே கிளம்பிடலாம்," என்றாள் அக்கா.

தம்பியின் முகம் மீண்டும் இருண்டது.

"தாத்தாவும் இங்கதானே வந்தாரு? அவரு ஏன் திரும்பி வரலை?"

அகராதியில் இதற்கு விடை இல்லை.

"தாத்தாவுக்கு நெஞ்சு ரொம்பக் கெட்டுப்போயிருந்துச்சு. டாக்டரால முடியலை. உன்னோடது சின்னச் சதை, எடுத்துடலாம்னு சொல்றாரு. எனக்கும் பயமாத்தான் இருக்குடா. ஆனா இந்தக் கதவுகிட்டேயே இருப்பேன்."

கதவு திறந்தது. செவிலியர் எட்டிப் பார்த்தார்.

"அடுத்தது யாருப்பா? சீக்கிரம் வா!"

"விருந்தாளியை இப்படியா கூப்பிடுவாங்க?" என்று கேட்டான் தம்பி.

செவிலியர் அக்காவைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்காமல் கதவை அகலத் திறந்து, ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"வாங்க," என்றார்.

தம்பி கம்பியை விட்டான். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, நிதானமாக உள்ளே நடந்தான்.

மாலையில் அவன் கண் விழித்தபோது அக்கா கட்டிலருகே இருந்தாள். தொண்டை வலியால் பேச இயலவில்லை. அவள் உள்ளங்கையில் விரலால் ஒரு வீடு வரைந்தான்.

"நாளைக்கு," என்றாள் அக்கா.