அம்மா வேடத்துக்கு ஆள் மாற்றம்

அறிவிப்பு வரவில்லை. சிவரஞ்சனிக்கு முதலில் உறுத்தியது அதுதான். ஒரு தொடரில் நடிகை மாறினால், இவருக்குப் பதில் இனி இவர் என்று திரையின் அடியில் ஒரு வரி ஓடும், புது முகத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திக் காட்டுவார்கள், பின்னால் தபேலா உருளும். எவ்வளவு மட்டமான தொடராக இருந்தாலும் அந்த மரியாதையை மட்டும் விட மாட்டார்கள். அன்றைக்கு ஏழரை மணித் தொடரில் மரகதம் என்கிற அம்மா பாத்திரம் சாமி அறைக்குள் ஒரு முகத்தோடு போனாள், வேறொரு முகத்தோடு வெளியே வந்தாள். மாமியாரும் புருஷனும் ஒன்றுமே நடக்காத மாதிரி அவளிடம் காபி கேட்டார்கள்.

கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டின் சமையலறையில் நின்றபடி சிவரஞ்சனி நடத்துகிற சேனலுக்கு ‘அடுப்படி விமர்சனம்’ என்று பெயர். செல்போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்து, வெங்காயம் அரிந்துகொண்டே தொடரைக் கேட்பாள். கேட்பாள் என்றுதான் சொல்ல வேண்டும், கண் பாதி நேரம் வாணலியில்தான் இருக்கும். தொடர் முடிந்ததும் அதே போனைத் திருப்பி வைத்து, கரண்டியும் கையுமாக அன்றைய பகுதியைக் கிழித்துத் தொங்கவிடுவாள். மணமேல்குடியிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் அதைக் கேட்க ஆள் இருந்தது. பாராட்டினால் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், திட்டினால் கூட்டம் கூடும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். சும்மா சொல்லக்கூடாது, வாய் அப்படி.

பழைய மரகதத்தை அவள் மாதக்கணக்கில் வறுத்தெடுத்திருந்தாள். அந்தம்மா அழுதால் தொண்டையில் முள் சிக்கின மாதிரி இருக்கிறது, பெத்த தாய்க்கு இப்படியா அழுகை வரும், சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள், இந்த அம்மாவை மாத்துங்க, மாத்துங்க என்று தினமும் முடிப்பாள். கமெண்டில் எல்லோரும் சேர்ந்து கோரஸ் பாடினார்கள். மாற்றியே விட்டார்கள் என்றதும் அன்றைக்கு அவள் பேச்சில் இறுமாப்பு வழிந்தது. அந்தப் புண்ணியவதி எங்கிட்டுப் போனாளோ, நமக்கென்ன என்று சிரித்தாள்.

அவளுடைய புருஷன் எழிலரசனுக்கு இந்தச் சேனல் அறவே பிடிக்காது. திருச்சியில் மோட்டார் சாமான் கடையில் வேலை, ராத்திரி பஸ்ஸில்தான் திரும்புவான். ஊரான் வீட்டுப் பொம்பளையை வண்டை வண்டையாகப் பேசுகிறாயே, என் பிள்ளை இதைக் கேட்டா வளரணும் என்று ஒருநாள் கேட்டான். அதற்குப் பிறகு அவர்கள் பேச்சு தோசையா சப்பாத்தியா என்பதோடு நின்றுபோனது. வீட்டில் அவளுக்கென்று இருந்தது இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் இலக்கியா ஒருத்திதான். அந்தப் பிள்ளை பக்கத்தில் வந்து நைட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், சிவரஞ்சனிக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

மறுநாள் தொடரில் புது மரகதம் மகளைப் பார்த்துக் கையை விரித்தாள். தொடரில் வருகிற அந்தக் குழந்தை போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. கீழ் உதடு நடுங்கியது. யாரோ பின்னாலிருந்து தள்ளின மாதிரி இரண்டு எட்டு வைத்தது. சிவரஞ்சனி கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். குழந்தைக்கு நடிப்பே வரவில்லை, பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிறது என்று அன்றைக்கு அதையும் ஒரு பிடி பிடித்தாள்.

அதற்கடுத்த நாள்தான் அந்தப் பெண் தெரிந்தாள். வீட்டார் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள், புது மரகதம் பரிமாறுகிறாள், பின்னால் மாடிப்படி ஓரத்தில் பழைய மரகதம் நிற்கிறாள். சாமி அறைக்குள் போனபோது கட்டியிருந்த அதே பச்சைப் புடவை. சிவரஞ்சனி எண்ணெய்க் கையால் படத்தை நிறுத்திப் பார்த்தாள். அவளேதான். தூக்கிக் கடாசின ஆளைக் கூடத்திலேயே நிற்க வைத்திருக்கிறான், எடிட்டர் தூங்கிவிட்டான் என்று பேச்சில் கிழித்தாள். ஆனால் கமெண்டில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. யாரைச் சொல்றீங்க அக்கா, அங்கே தூண்தானே இருக்கு என்று கேட்டார்கள். ஒருத்தி அந்த இடத்தைப் படமெடுத்தே அனுப்பியிருந்தாள். அதில் தூண்தான் இருந்தது.

சிவரஞ்சனி தன் போனில் திரும்பவும் ஓட்டிப் பார்த்தாள். தூண் பக்கத்தில் அந்தப் பெண் நின்றாள். இப்போது கொஞ்சம் முன்னால் வந்திருந்த மாதிரி இருந்தது. சிவரஞ்சனி போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் அவள் என்றைக்கும் செய்யாததைச் செய்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, கூடத்தில் டிவிக்கு எதிரே வந்து உட்கார்ந்து, இரண்டு கண்ணாலும் தொடரைப் பார்த்தாள். பச்சைப் புடவைக்காரி ஒவ்வொருத்தராகப் போய்க் குனிந்து குனிந்து பேசினாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. புருஷன் அவள் தோளைத் தாண்டிக் கையை நீட்டி உப்பு கேட்டான். மாமியார் அவள் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டாள். கடைசியில் அவள் குழந்தை பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து அழுதாள். அது நடிப்பாகத் தெரியவில்லை. குழந்தை மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தது, பார்த்து அம்மா என்றது. பரிமாறிக்கொண்டிருந்த புது மரகதத்தின் கை அப்படியே நின்றது. அத்தோடு அன்றைய பகுதி முடிந்துவிட்டது.

சிவரஞ்சனி டிவியை அணைத்தாள். அன்றைக்கு அவள் விமர்சனம் பேசவில்லை. சமையலறைப் பக்கம் போகவே பிடிக்காமல், பால் மட்டும் காய்ச்சிக் கொடுத்துவிட்டுச் சீக்கிரமே படுத்துக்கொண்டாள்.

காலையில் இலக்கியாவைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, கீழ் வீட்டு ஷீபா டீச்சர் வாசலில் நிறுத்தினார். இலக்கியா சாயங்காலம் டியூஷன் படிப்பது அவரிடம்தான். சிவரஞ்சனியின் பேச்சைக் கேட்டால் முகத்தைச் சுளிக்கிறவர், அன்றைக்கு வாயெல்லாம் பல்லாக நின்றார்.

“நேத்து ஒங்க பேச்சைக் கேட்டேன். ஒருத்தரையும் திட்டாம எவ்வளவு பதவிசாப் பேசுனீங்க. இப்படியே பேசுங்களேன்.”

நேற்று நான் பேசவே இல்லையே என்று சொல்ல வந்து, சொல்லாமல் மாடி ஏறினாள். போனைத் திறந்து பார்த்தாள். நேற்றைய விமர்சனம் இருந்தது. அவளுடைய அடுப்பு, அவளுடைய வாணலி, அவளுடைய கரண்டி. ஆள் முகம் தெரியவில்லை, கை மட்டும் தெரிந்தது. சிவந்த, நகம் வெட்டிய, சுத்தமான கை. குரல் தேனாக வழிந்தது. மரகதம் அம்மா என்னமாய் நடித்திருக்கிறார், அந்த வீட்டுக்கு இப்போதுதான் களை வந்திருக்கிறது என்றது அந்தக் குரல். கீழே ஏகப்பட்ட பாராட்டு. இப்பதான் அக்கா நீங்க அக்கா மாதிரி இருக்கீங்க என்று ஒருவர் எழுதியிருந்தார். எவளோ என் சேனலைத் திருடிவிட்டாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கடவுச்சொல்லை மாற்றினாள். என் சமையலறைக்குள் எப்படி வந்தாள் என்ற கேள்வியை மட்டும் நினைக்காமல் ஒதுக்கிவைத்தாள்.

பகலெல்லாம் வீட்டில் ஒரு வாசனை சுற்றியது. கல்யாண மண்டபத்தில் மணப்பெண் அறைக் கதவைத் திறந்தால் வருமே, பவுடரும் ஹேர் ஸ்பிரேயும் வாடின மல்லிகையும் வியர்வையும் கலந்து, அந்த வாசனை. சன்னலைத் திறந்துவிட்டாள், பஸ் ஸ்டாண்டின் டீசல் புகையும் பரோட்டாக் கல்லின் சத்தமும் உள்ளே வந்தன, வாசனை போகவில்லை. சாமி படத்துக்குப் பின்னால், பீரோவுக்குள், துவைத்து மடித்த துணிகளின் அடியில் எல்லாம் தேடினாள். சமையலறையில்தான் அதிகமாக அடித்தது.

சாயங்காலம் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்தாள். போனைச் சமையலறையிலேயே டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள், எவள் வந்து பேசுகிறாள் என்று பார்த்துவிடலாம் என்று. தொடர் ஆரம்பித்தது. பச்சைப் புடவைக்காரி சுவர் ஓரமாகத் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். புது மரகதம் மகளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். கேமரா குழந்தையின் முகத்துக்குப் போனது.

அன்றைக்குக் குழந்தையும் வேறு.

அதே கவுன். அதே ரிப்பன். வேறு முகம்.

இதற்கும் அறிவிப்பு வரவில்லை.

சமையலறையில் கடுகு வெடித்தது.

சிவரஞ்சனி அசையாமல் இருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்தது நன்றாக நினைவிருந்தது. கறிவேப்பிலை எண்ணெயில் விழும் சத்தம் கேட்டது. கரண்டி வாணலியின் விளிம்பில் தட்டியது. பிறகு அந்தக் குரல், வணக்கம், அடுப்படி விமர்சனத்துக்கு வந்த எல்லாருக்கும் வணக்கம் என்று அவள் சொல்கிற மாதிரியே சொன்னது. போய்ப் பார்க்க வேண்டும். கால் வரவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். எழிலரசன் கீழ் வீட்டிலிருந்து இலக்கியாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தான். சிவரஞ்சனி எழுந்து போய் அவன் எதிரே நின்றாள். ஏங்க, உள்ள யாரோ இருக்காங்க என்றாள். சொன்னது அவள் காதுக்கே கேட்கவில்லை. அவன் சட்டையைக் கழற்றி அவள் தலைக்குப் பக்கத்திலிருந்த ஆணியில் மாட்டினான். பஸ் புழுக்கமும் கிரீஸும் அவன்மேல் அடித்தது. முகத்தைப் பார்க்காமல் அவளைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனான்.

“ரஞ்சி, நேத்து நீ பேசுனதைப் பஸ்ஸில கேட்டுட்டு வாரேன். மனசுக்கு நிறைவா இருந்துச்சும்மா.”

உள்ளே ஒருத்தி சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்த வீட்டில் அவன் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது. சிவரஞ்சனி அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள், இதுவரை ஒருநாளும் அவன் பெயரைச் சொன்னதில்லை. சுவரில் கையால் அடித்தாள். கை வலித்தது, சத்தம் இல்லை.

தட்டு வைத்தார்கள். கூடத்தில் பாய் விரித்தார்கள். சமையலறையிலிருந்து அவள் வந்தாள்.

சிவரஞ்சனி போட்டிருந்த அதே நைட்டி. துணியில் அதே பூ. கழுத்தில் அதே தாலிச் சரடு. நெற்றிக்குக் கீழே, கழுத்துக்கு மேலே எல்லாம் வேறு. பவுடர் பூசின முகம், வியர்க்காத முகம். சட்டியைப் பாய்மேல் வைத்தாள். உட்கார்ந்தாள். இவள் பக்கம் பார்க்கவே இல்லை.

இலக்கியா தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிவரஞ்சனி மகளின் பக்கத்தில் மண்டி போட்டாள்.

“இலக்கியா. அம்மாடி. என்னையப் பாரு.”

பிள்ளையின் கை சோற்றில் நின்றது.

கேட்டிருக்கிறது. பிள்ளைக்குக் கேட்டிருக்கிறது. சிவரஞ்சனிக்கு நெஞ்சு வெடிக்கிற மாதிரி சந்தோஷம் வந்தது. என் தங்கம், என் உசுரே, பாரு, ஒரே ஒரு தடவை பாரு என்று கெஞ்சினாள். இலக்கியா தலையைத் திருப்பவில்லை. உதடு அசைவது தெரியாமல் சொன்னாள்.

“பாக்க மாட்டேம்மா. ஒங்களப் பாத்தா என்னையும் மாத்திருவேன்னு அவங்க சொன்னாங்க.”

பாயில் பேச்சு நின்றது.

“என்னடி கண்ணு, தட்டோட பேசுற?” என்றாள் அவள்.

“ஒண்ணுமில்லம்மா. உப்புப் போதலை.”

அவள் உப்பு ஜாடியை எடுத்தாள். எடுத்தவள் போடவில்லை. அவளுடைய கண் இலக்கியாவின் முகத்திலிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது. தோள். முழங்கை. பாய்மேல் ஊன்றியிருந்த இடது கை. அந்தக் கை எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது.

சிவரஞ்சனியும் அப்போதுதான் பார்த்தாள். பிள்ளை தன்னை அறியாமல் இவளுடைய நைட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்குப் பிடித்திருந்தாள்.

எழிலரசன் டிவி சத்தத்தைக் கூட்டினான். அவள் இன்னும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பு ஜாடியைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் முன்னால் குனிந்தாள்.

சிவரஞ்சனி அழாமல், மூச்சு விடாமல், அந்தச் சின்ன விரல்களைத் தன்மேலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.