வயது வந்தோருக்கு மட்டும்

மழை வலுத்ததும் தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் வரும் பஸ்ஸில் ஷட்டர்களை எல்லாம் இறக்கிவிட்டார்கள். உள்ளே அரையிருட்டு. ஆளாளுக்கு அவரவர் யோசனையில் இருந்தபோது, ஒரு பெண்குரல் கணீரென்று ஒலித்தது.

"மெதுவா... கட்டில் சத்தம் கீழ கேட்டுச்சுன்னா, இந்த வயசுலயுமான்னு வீட்டுக்காரர் வாடகையை ஏத்திடுவாரு."

கூடவே ஒரு கூட்டமே கொல்லென்று சிரித்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் அல்ல. போனில்.

முன் இருக்கையில் இருந்தவர் பதறிப்போய்க் கழன்றுவிட்ட இயர்போனைத் தேடினார். போன் கைநழுவி விழுந்து இருக்கைக்கு அடியிலும் பேசிக்கொண்டே இருந்தது. பூக்கூடையுடன் நின்ற கெம்பம்மா விடவில்லை. கன்னடமும் தமிழும் கலந்து திட்டினாள்.

"ஏனப்பா, ஸ்வல்ப நாச்சிகெ பேடவா? பொம்பளைங்க வர்ற வண்டில வெக்கமில்லாம..."

ஒருவழியாகப் போனை அணைத்துவிட்டு அவர் நிமிர்ந்தார். பின் இருக்கையில் நிகத் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவளால் அடக்க முடியவில்லை.

தாடியில் நரை எட்டிப்பார்க்கும் முகம். தப்பு செய்து மாட்டிக்கொண்டது போல் தவித்த பெரிய கண்கள்... அந்தக் கண்கள் அவளைப் பார்த்ததும் கொஞ்சம் ஆறுதலடைந்தன.

"ஊரே திட்டுது. நீங்க சிரிக்கிறீங்க."

"சிரிக்கத்தானே அந்த வரி..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த வரி அவள் எழுதியது. பெரியவர்களுக்கான வெளிநாட்டு நகைச்சுவைத் தொடர்களை பெங்களூரில் ஒரு ஸ்டூடியோ தமிழில் டப்பிங் செய்கிறது. மூக்கண்டப்பள்ளி வீட்டில் உட்கார்ந்து அதற்கு வசனம் எழுதுகிறவள் நிகத். தலாக் ஆகி அம்மா வீட்டுக்கு வந்த பிறகு கிடைத்த வேலை. என்ன வேலை என்று கேட்டால், "கம்பெனி மொழிபெயர்ப்பு" என்பாள். அம்மா ஃபகருன்னிசாவிடமும் அதேதான்.

ஓசூரில் இறங்கியபோதும் மழை விட்டபாடில்லை. பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக் கூரையின் கீழ் இருவரும் ஒதுங்கினார்கள். அவர் பெயர் மன்சூர். சிப்காட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி செக்ஷன். மனைவி தவறிச் சில வருஷம் ஆகிறது.

"தப்பா நெனைக்காதீங்க. ஆபாசத்துக்காகப் பாக்கலைங்க."

"பின்ன எதுக்காம்?"

அவர் டீயை ஊதினார். "நம்ம டிவியில நாப்பது வயசு தாண்டுனா மாமியாராவோ மாமனாராவோ ஆக்கிடுறாங்க. இதுல வர்றவங்க நம்ம வயசு. சண்டை போடுறாங்க... ஆசைப்படுறாங்க... அதைக் காமெடியாவாவது காட்டுறாங்களே. வீடு வேற அமைதியா கெடக்குதா... அந்தச் சிரிப்புச் சத்தம் ஒரு தொணைங்க."

நிகத் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். தனி அறையில் யாருக்கென்று தெரியாமலே எழுதிய வரிகள்... இந்த மனிதருக்கா எழுதினேன்? கூரையில் மழை கொட்டும் சத்தத்தில், யாரிடமும் சொல்லாததை அவள் சொன்னாள்.

மன்சூர் அவளையே பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் சிந்தியது. "அப்ப நான் திட்டு வாங்குனது உங்களாலதான்."

அதன்பின் சனிக்கிழமைகளில் அவளுக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏதாவது வேலை வந்தது. அவருக்கும் வந்தது. ஒரு வரியை இப்படி எழுதலாமா, அப்படியா என்று கேட்பாள். "நம்மூர்ல இப்படிப் பேசமாட்டாங்கங்க" என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. இவருக்காகக் கண்ணுக்கு மை இட்டுக்கொள்கிறோமோ... என்ற நினைப்பு வந்ததும் அவள் மையைத் துடைப்பாள். பிறகு மறுபடியும் இடுவாள்.

ஒருநாள் மன்சூரின் அக்கா ஹீனா அவரையும் அழைத்துக்கொண்டு பெண் கேட்டு வந்தார். எல்லாம் நல்லபடியாகவே போனது. "பொண்ணு என்ன வேலை பாக்குது?" என்று கேட்கும் வரை.

நிகத் வாயைத் திறக்குமுன் மன்சூர் முந்திக்கொண்டார். "கம்பெனி மொழிபெயர்ப்புக்கா. பேப்பர் வேலை."

அவள் வருஷக்கணக்காகச் சொல்லிவந்த அதே பொய். அவர் வாயில் கேட்டபோது சுருக்கென்று குத்தியது. தனியாகச் சிரிக்க நான் வேண்டும்... நாலு பேர் முன்னால் வேண்டாமா?

"எனக்கு இஷ்டமில்லை" என்று அன்று மாலையே செய்தி அனுப்பிவிட்டாள். அவர் அழைத்தார். அவள் எடுக்கவில்லை.

சில வாரம் வேலையே ஓடவில்லை. ஒரு மத்தியானம், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மன்சூரைக் குற்றம் சொல்ல நான் யார் என்ற கேள்வி அவளை அரித்துக்கொண்டிருந்தது.

"ம்மா... நான் எழுதுறது பெரியவங்க பாக்குற காமெடி நாடகம். கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்."

அம்மா நிமிரவே இல்லை. "தெரியும். எழுதுறப்ப சத்தமா பேசிப் பேசிப் பாப்பே. செவுத்துக்கு அந்தப் பக்கம் நானும் மனுஷிதானே."

"ஏம்மா கேக்கல?"

"நீ சிரிச்சு எத்தனை நாளாச்சு... கேட்டா நிறுத்திடுவியோன்னு பயம்." கீரைக் காம்பை ஒதுக்கிவிட்டுச் சொன்னாள், "சில எடத்துல நானும் சிரிச்சிருக்கேன்டி."

நிகத் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாளே மன்சூர் வாசலில் நின்றார். வெளியே தூறல். உள்ளே வரத் தயங்கினார்.

"அக்காகிட்ட சொல்லிட்டேன். மச்சான் முன்னாலயே. நீங்க என்ன எழுதுறீங்கன்னு சொல்ல வெக்கப்பட்டதுதான் எனக்கு வெக்கமா இருக்குதுன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டு நாள் பேசல. நேத்து ஒரு பாகம் போட்டுக் காட்டச் சொன்னா. பாதியில எந்திரிச்சு சமையல்கட்டுக்குப் போயிட்டா... அங்கருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுது." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அக்கா சம்மதிச்சுட்டான்னு வரலைங்க. உங்களுக்கு நான் பண்ணுனது தப்பு. அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் திரும்பினார்.

எத்தனையோ பேருக்கு எத்தனையோ விதமாகக் காதல் வசனம் எழுதியவள். இப்போது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"நில்லுங்க... எனக்கும் நாப்பது ஆகப்போகுது. இனிமே எதுக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். முடியல. எனக்கு ஒருத்தர் வேணும். அது நீங்கதான் வேணும்."

மன்சூர் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. இமையில் நின்றது தூறலா, கண்ணீரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எனக்கும்" என்றார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.