காற்றில்லாத கால்வாய்

நாணல் ஒன்றுகூட அசையவில்லை. படகின் பாய் மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது. சுக்கானைப் பிடித்திருந்த தையல்காரி அதைக் கவனித்தபோது உச்சி வெயில். விரலை நக்கி மேலே தூக்கிப் பார்த்தாள். எந்தப் பக்கமும் குளிரவில்லை. அவள் கையால் தைத்த பாய் அது. எந்தக் காற்றுக்கு எந்தத் தையல் இழுபடும் என்பது அவளுக்கு அத்துப்படி. இப்போது ஒரு தையலும் இழுபடவில்லை.

"ஏங்க, எனக்கு இது சரியாப் படலை."

"காத்து வந்தாலும் குத்தம், வராட்டியும் குத்தம்," என்றார் கணவர். பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். "கடல் வழியாப் போனா நாளைக்கு மத்தியானம் ஆயிடும். இந்தச் சதுப்புக்குள்ள புகுந்து போனா பொழுது சாயறதுக்குள்ள பொண்ணு வீடு. இன்னைக்கோ நாளைக்கோ பிரசவம்னு இருக்கா, பக்கத்துல நீ இருக்க வேண்டாமா?"

காலையிலிருந்து மூக்கை அடைத்த சேற்று வாடையைக் காணோம், கொக்கைக் காணோம், தவளைச் சத்தத்தைக் காணோம். படகடியில் நீர் சலசலப்பதுகூட நின்றுபோயிருக்க, இருபுறமும் ஆளுயர நாணல் வளைவுக்கு வளைவு ஒரு முழம் நெருங்கி வந்து, கடைசியில் படகின் விளிம்பை உரசவே தொடங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தாள். வந்த வழி இல்லை. அங்கேயும் நாணல்.

"பாயை இறக்குங்க!"

இறக்கினார். படகு நிற்கவில்லை. நங்கூரத்தை வீசினார். கயிறு முழுதும் ஓடித் தீர்ந்தது, தரை தட்டவில்லை. துடுப்பைச் செங்குத்தாக இறக்கிப் பார்த்தார். ஓரத்தில் மட்டும் சேறு தட்டியது. வாத்தியாரின் கிண்டல் எங்கேயோ போய்விட்டது.

"இந்தப் பக்கம் இடுப்பளவுதான். இறங்கிப் புடிச்சு நிறுத்தறேன். நீ சுக்கானை விட்டுடாதே."

படகின் முன்முனைக் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு குதித்தார். காலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தார். கயிறு அவர் தோளை அறுத்துக்கொண்டு நழுவியது. படகு அவரைத் தாண்டிப் போனது. ஒரு வளைவு. அவர் மறைந்தார்.

"குதிச்சுடு!" பின்னாலிருந்து குரல். "குதிம்மா, நான் இங்கதான் நிக்கறேன்!"

எழுந்தாள். சுக்கானிலிருந்து கை வரவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்த விரல் மறுபடி மடங்கியது. சுக்கான் மரம் இளஞ்சூடாக இருந்தது.

நாணல் விலகியது.

வட்டமான நீர்ப்பரப்பு. அதில் நெருக்கியடித்துக்கொண்டு படகுகள். எல்லாப் பாய்களும் புடைத்திருந்தன. ஒரு படகும் அசையவில்லை. படகுக்கு இரண்டு பேர். எல்லோரும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

நடுவில் ஒரு படகில் மட்டும் ஒருவர் தனியாக.

அவர் திரும்பினார். அவள் கணவர். சட்டை நனையவில்லை.

"வந்துட்டியா," என்று நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்துப் பலகையைத் தட்டிக் காட்டினார்.

நாணலுக்கு அப்பால், வெகு தூரத்தில், அவர் குரல் தொண்டை கிழிய இன்னும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.