முந்தி வந்த இருமல்

இருமல் ஸ்பீக்கரில் கேட்டது. பொன்னுராஜ் தலையைத் தூக்கி அடுப்படியைப் பார்த்தான். அவன் மனைவி கிருபாபாய் சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு இருமினாள்.

எது முந்தி, எது பிந்தி என்று அவனுக்கு அப்போது உறைக்கவில்லை. ஸ்பீக்கரோடு இணைத்து அவனே செய்துகொண்டிருந்த மின்கித்தாரில் தப்பு ஒன்றா இரண்டா? ராஜபாளையத்தில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவனுக்கு மரவேலை எப்படி வரும்? கழுத்துக்கட்டை உட்காரும் பள்ளத்தை அகலமாகத் தோண்டிவிட்டு, மரத்தூளையும் வஜ்ரப் பசையையும் குழைத்து அடைத்திருந்தான். சைக்கிள் கம்பியை நறுக்கிக் கழுத்தில் பதித்த சுரக்கட்டைகளில் பாதி இடம் தவறி, சுதி எகிறியது. பிடுங்கிப் பிடுங்கித் திரும்ப அடித்தான். எல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டுக்காக. கோவில் பாடகர் குழுவில் கிருபாபாய் குரலுக்குத்தான் ஊர் திரும்பிப் பார்க்கும். மில்லில் பஞ்சு உடைக்கிற இடத்தில் வேலை பார்த்துப் பார்த்து அந்தக் குரலும் இப்போது அடிக்கடி அடைக்கிறது.

மைக்செட் கடை பிச்சை முகம்மதுதான் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பெட்டியும் இரவல் கொடுத்தவர். வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏலே பொன்னு, இது கித்தாரா, கக்கூஸ் கதவா?"

"சிரிக்காதீரும் பாய். பேசுனா அதுவும் பேசுது. இருமுனா இருமுது."

பாய் பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்து, கித்தார்மீது நகத்தால் தட்டினார். "தந்திக்கு அடியில நீ வச்ச காயில்ல கம்பிச் சுத்து தளர்ந்து கெடக்கு. அதான் மைக் மாதிரிச் சத்தத்தப் பிடிக்குது. மெழுகுல முக்கி எடு, ஊமையாயிரும். கம்பி எங்க எடுத்தே?"

"பழைய மோட்டார் ஸ்டார்ட்டர்ல. தளவாய்புரம் தோட்டத்துல கெடந்தது."

பாய் காதை எடுத்தார். "பால்ச்சாமி செத்த தோட்டமா?"

பொன்னுராஜ் குனிந்து தந்தியை முறுக்கத் தொடங்கினான். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத ஊரில், வந்ததும் மோட்டார் தானாக ஓடட்டும் என்று ஸ்டார்ட்டர் பொத்தானில் ஆப்பு செருகி வைப்பது எல்லாத் தோட்டத்திலும் நடக்கிறதுதான். பால்ச்சாமி மோட்டாரைப் பார்க்கக் கிணற்றுக்குள் இறங்கியிருந்தபோது கரண்ட் வந்துவிட்டது. மேலே நின்றவர்கள் கத்தினார்களாம். கத்தல் போய்ச் சேருமுன்னே எல்லாம் முடிந்துவிட்டதாம். அந்த ஸ்டார்ட்டரின் காயிலைத்தான் அவன் பிரித்து, சைக்கிள் டைனமோ காந்தத்தைச் சுற்றி வரிந்திருந்தான்.

"வேற கம்பி கெடைக்கலியா ஒனக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பாய் செருப்பை மாட்டினார்.

மறுநாள் மேற்கே அய்யனார் கோவில் மலையில் மேகம் கவிந்து, நண்பகலிலேயே வீட்டுக்குள் வெளிச்சம் மங்கியது. ஈயமும் சூடேறிய ஆம்ப்ளிஃபயர் வால்வின் தூசியும் கலந்து நாறிய முன்னறையில் அவன் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒரு தட்டு விழுந்து உருண்டு உருண்டு அடங்கும் சத்தம் கேட்டது. அவன் ஒரு கம்பியைப் பற்றவைத்து, ஊதி, ஆறவிட்டு, அடுத்த கம்பியை எடுத்தபோது, அடுப்படிப் பலகையிலிருந்து தட்டு சறுக்கி விழுந்தது. அதே உருளல். அதே அடக்கம்.

அதற்குப்பின் இடைவெளி கூடிக்கொண்டே போனது. பால்காரரின் சைக்கிள் மணி ஸ்பீக்கரில் அடிக்கும். அவன் தெருமுனைவரை போய்ப் பார்த்துத் திரும்பிய பிறகுதான் சைக்கிள் வரும்.

ஒரு நாள் அவள் மில்லுக்குப் போயிருக்கையில் பெட்டி இருமியது. அவள் இருமல்தான். ஆனால் அவன் கேட்டிராத இருமல்: சீலை கிழிகிறாற்போல நீண்டுகொண்டே போய், மூச்சுக்குத் தவித்து, கடைசியில் எதையோ துப்பியது. சாயங்காலம் தலையெல்லாம் பஞ்சோடு வந்தவள் முற்றத்தில் குனிந்து அப்படியே இருமினாள். துப்பியதைக் காலால் மண் தள்ளி மூடினாள்.

"ஏட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். நாளைக்கே."

"லீவு கேட்டா மேஸ்திரி வேற ஆளப் போட்டுருவான். கிறிஸ்துமஸ் கழியட்டும். மொதல்ல நீங்க ஒங்க கதவ முடிங்க."

"வெளாடாத. பயமா இருக்கு எனக்கு."

"இருமலுக்கா பயப்படுறீக? மில்லுல வந்து கேளுங்க. அம்புட்டுப் பேரும் இருமுதாளுக."

மறுநாளும் கூப்பிட்டான். கெஞ்சினான். அவள் அசையவில்லை. சத்தத்தை அடைத்துவிட்டால் வரவேண்டியதும் வராது என்று அவனுக்குப் பட்டது. வேறு என்ன செய்ய?

கோவிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்திகளைத் தகரடப்பாவில் உருக்கி, கொதிக்கும் தண்ணீரில் அந்த டப்பாவை நிறுத்தி, காயிலை முக்கினான். பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது. மூழ்குகிறவனின் மூச்சுப்போல வந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது.

மாட்டினான். தட்டினான். சத்தமில்லை. கைதட்டினான். இல்லை. தந்தியை மீட்டினான்; மணிபோலச் சுத்தமாக ஒலித்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"கிருபா! வாட்டி இங்க! சரியாயிருச்சு!"

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வருமுன் பெட்டியில் பாட்டு கிளம்பியது.

தந்தியில் அவன் கை இல்லை.

பலபேர் பாடினார்கள். மெதுவாக. சவப்பெட்டி தூக்கிப் போகும்போது பாடுகிற பாட்டு. பரிபூரணத்தின் மூக்குக் குரல். ஞானதுரையின் கட்டைக் குரல். பாடகர் குழு முழுவதும் இருந்தது.

ஒரு குரலைத் தவிர.

நடுவில் ஒருவன் அழுதான். கிருபா பெயரைச் சொல்லி அழுதான். பொன்னுராஜ் தன் வாயைப் பொத்திக்கொண்டான். வாய் மூடித்தான் இருந்தது. அழுகை நிற்கவில்லை.

சுவிட்சை நோக்கிக் கை போனது. அணைத்தால்? அது எப்போது நடக்கும் என்று தெரியாமலே போகும். கை நடுவழியில் நின்றது.

"அட, நம்ம ஆளுகதான். எப்பங்க இத டேப்புல பிடிச்சீக?"

கிருபாபாய் சிரித்துக்கொண்டே முட்டிபோட்டு உட்கார்ந்தாள். ஸ்பீக்கர் துணியில் கன்னத்தை ஒட்டி வைத்தாள். கண்ணை மூடிக் கேட்டாள்.

"எங்குரலக் காணுமே?"

பாட்டு ஓய்ந்தது. உள்ளே சுத்தியல் விழத் தொடங்கியது. மரத்தில் ஆணி இறங்கும் சத்தம். ஒவ்வோர் அடிக்கும் துணி அதிர்ந்தது. துணியோடு சேர்ந்து அவள் கன்னமும்.