கொசுறுப் பூச்சு

காலையில் இல்லாத ஒன்று, மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தபோது குத்புதீனின் நாக்கில் இடறியது. புதிதாகக் கட்டிய கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், ஈறில், அரிசிக் குருணை அளவுக்கு ஒரு மேடு. நெருடிப் பார்த்தார். எலும்பு போல இருந்தது.

பெரிய கடைவீதியில் முப்பது வருஷமாக அத்தர் விற்றுக் குடும்பம் நடத்தியது அவருடைய வாய்தான். போன மாதம் அது தில்லை நகர் பல் டாக்டர் ஸ்டீபன்ராஜிடமும் வேலையைக் காட்டியது. பல்லைக் கட்டுவதற்காகத் தாடைக்குள் இறக்கும் திருகில், ஆய்வுக்கூடத்தில் வடிவமைத்த புரதம் ஒன்றைப் பூசுவார்களாம். அது எலும்பைக் கூப்பிட்டு வளர்த்துத் திருகைக் கெட்டியாகப் பிடிக்க வைக்குமாம்.

"ஒரு பூச்சு போதும் பாய்," என்றார் டாக்டர்.

"அத்தர் வாங்க வர்றவங்களை மணிக்கட்டுல ஒரு சொட்டு கொசுறு வைக்காம நான் அனுப்புறதே இல்ல. சீசாவுல மிச்சம் கிடக்கே, அதை ரசத்துலயா ஊத்தப் போறீங்க? பூசி விடுங்க!"

டாக்டர் சிரித்துக்கொண்டே மிச்சத்தையும் பூசினார்.

இப்போது, ரோஜாவும் சந்தனமும் கஸ்தூரியும் கலந்து தேங்கிய அந்தக் குறுகிய கடைக்குள், மின்விசிறி இரைச்சலுக்கு அடியில், யாரோ கற்கண்டை நிதானமாக நொறுக்குவதுபோல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. காதைப் பொத்தினார். சத்தம் கூடியது. மூச்சில் ஈரச் சுண்ணாம்பு வாடை. மேடு கடலை அளவாகியிருந்தது. மேல் ஈறிலும் ஒன்று.

டாக்டருக்குப் போன் போட்டார். "அப்படி வளரக் கூடாதே! உடனே கிளம்பி வாங்க பாய்."

எழுந்தார். வாசலில், வாடிக்கையாக அத்தர் வாங்கும் ஸ்ரீரங்கத்து ஹரிஹரசுதன். வந்த கிராக்கியை விட்டுப் போய்ப் பழக்கமில்லை. உட்கார்ந்தார்.

"சந்தனம் என்ன விலை சொல்றேள்?"

வாய் ஒரு விரல்கடைக்கு மேல் திறக்கவில்லை. மூன்று விரலைக் காட்டினார்.

"முந்நூறா? நூத்தம்பதுக்குக் குடுங்கோ."

சரியென்று தலையாட்டினார்.

ஹரிஹரசுதனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்ன பாய், பேரமே பேசலை? சரக்கு அசல்தானே?" ஒவ்வொரு சீசாவாகத் திறந்து முகர ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. நான்கு.

நொறுங்கும் சத்தம். இரண்டு பக்கமும்.

போகச் சொல்ல வேண்டும். வார்த்தை வரவில்லை. எச்சில் மட்டும் இறங்கியது.

ஹரிஹரசுதன் ஒருவழியாக மணிக்கட்டை நீட்டினார். "கொசுறு எங்கே?" நிமிர்ந்து பார்த்தார். சீசா கைநழுவி உடைந்தது.

குத்புதீன் அலமாரிக் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். விரலால் உதடுகளை விலக்கினார்.

பற்கள் தெரியவில்லை. கடைவாய் முதல் கடைவாய் வரை வெள்ளையாக, வழுவழுவென்று, ஒரே சுவர். நடுவில் மொச்சை அளவுக்கு ஓர் ஓட்டை. அதுவும் மூடிவிடாமலிருக்க அவர் உள்ளிருந்து முட்டுக்கொடுத்த நாக்கு நுனி, சிவப்பாக, அதில் நடுங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் நிற்கவில்லை.